ரசாயனம்

கைதடி ஆஸ்பத்திரி வாங்கில் மூன்றாம் முறை.
நித்திரை இல்லை என்றேன்.
தலைக்கு எண்ணெய் எழுதினாள்,
பாலில் சாதிக்காய் எழுதினாள்,
தெல்லிப்பழைக் கிளினிக் குளிசையை
அவையைக் கேளாமல் நிப்பாட்டாதேங்கோ என்றாள்.
பிறகு பேனையை மூடிவிட்டு
ஆசார ரசாயனம் என்றாள்.

ரசாயனம் எனக்குத் தெரியும் டொக்டர்,
வெங்காயத்துக்கு அடிக்கிறது.
மூக்கில் சால்வை கட்டி
காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கிறது.

அவள் சிரிக்கவில்லை.
இது வேர் இலை சேராத மருந்து ஐயா,
பழைய ஏட்டில் இருக்கு:
பொய் சொல்லாமல் இருக்கிறது,
கோபத்தை ஆற விடுகிறது,
பிறத்தியாற்ற பொருளை...
அதில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.
நான் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.
ஏகாதசி.

போத்தல் கொண்டு வரத் தேவையில்லை என்றாள்.

சனம் திரும்பி வந்த வருசம்
பக்கத்து வீடு வன்னியிலேயே நின்றுவிட
நான் ஒரு முழம்,
ஒரேயொரு முழம்,
வேலியை அங்காலே தள்ளி நட்டேன்.
பூவரசுக்கு வஞ்சகம் தெரியாது.
நட்ட இடத்தில் வேர்விட்டது.
ஆட்டுக்குக் குழை வெட்டினேன்.

பதினாலு வருசத்தால் வந்தாள் பரிமளகாந்தி.
வேலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
கிணற்றடிக்குப் போய்விட்டாள்.
ஒரு சொல் கேட்டிருந்தால்
உறுதியைக் கொண்டு வா எண்டு கத்திச் சண்டை பிடித்து
நிம்மதியாய்ப் படுத்திருப்பேன்.

ஐப்பசி முதல் மழை விட்ட காலை
அலவாங்கோடு இறங்கினேன்.
இருட்டில் நட்டதை
இருட்டில் பிடுங்கினால் அதுவும் களவுதான்.
ஒவ்வொரு அடியும் என் தொடைமொத்தம்.
தறித்து, கிளப்பி,
கயிறு கட்டிப் புதுக்கதியால் போடுகையில்
மீன் வெட்டிய கையோடு வந்தாள்.
கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்தாள்.
எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நாலு விரல்
உங்கால தள்ளுங்கோ."

தள்ளினேன்.

அன்றிரவு நித்திரை வந்ததோ எண்டு
கேட்காதேங்கோ டொக்டர்.
பொய் சொல்ல ஏலாது, பத்தியத்தில் இருக்கிறன்.
உள்ளங்கை கொப்பளித்து விடியுமட்டும் எரிந்தது.
ஆனால்
எங்கே எரியுதெண்டு
தெரிந்தது.