சட்டை

வடாலா டிப்போவில் என் பெயர் போர்கோடி.
பொற்கொடி என்று சொல்லிக்கொடுத்துக் களைத்துவிட்டேன்.
பதினோரு வருஷமாகக் கண்டக்டர்.
பம்பாயின் சில்லறையில் பாதி
இந்த உள்ளங்கை வழியாகப் போயிருக்கும்.

போன மழைக்கு முன் முழங்கையில் தொடங்கியது.
ஒரு ரூபாய் வட்டம். பிறகு சப்பாத்தி.
பிறகு ஏதோ தேசத்தின் வரைபடம்.
விரல்களுக்கு இறங்கியபோது
பயணிகள் காசைக் கொடுப்பதை விட்டுவிட்டுப்
போடத் தொடங்கினார்கள்,
நோட்டின் ஓரத்தை நகத்தால் பிடித்து
டிக்கெட் மெஷின்மேல்,
உண்டியலில் போடுவது மாதிரி.
கும்பிடு மட்டும் இல்லை.

"சட்டை பண்ணாதடி" என்றாள் எதிர்வீட்டு ஜெபராணி.
பண்ணவில்லை.
காக்கிச் சட்டையின் கையைத்தான்
மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டேன்.
அது மே மாதம்.

சயான் ஆஸ்பத்திரிக் களிம்பு
தடவினால் போகும்;
விட்டால், வாடகை பாக்கிக்காரன் போல
விடிகாலையில் வாசலில் நிற்கும்.

மஜ்காவில் ஒரு மாடி.
பல் டாக்டர் போர்டை இன்னும் கழற்றவில்லை.
பல் வைத்தியம் அப்பாவோடு போயிற்று,
மிச்சம் இந்த இழுப்பறைகள் என்றாள் மேரி லியாவ்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி
ரேஷன் அரிசி பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
பிறகு மூன்று விரலால் நாடி பிடித்தாள்,
செதிலின் மேலேயே,
கையுறை இல்லாமல்.
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வெகுநேரம்.

"எந்த ஊர் நீங்கள்?"
கேட்டதுமே கூசியது; என்னைத் தினம் கேட்கிற கேள்வி.
"மஜ்காவ்" என்றாள். "நீ?"
"ஆன்டாப் ஹில்."
அதற்குமேல் இருவரும் கேட்கவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தால்
வேர், பட்டை, எனக்குத் தெரிந்த அதிமதுரம்,
நடுவில் எட்டுப் பூச்சிகள்.
பூச்சி இல்லை, கூடு.
முதுகில் ஒரு கிழிசல்,
கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் குமிழ்,
உள்ளே ஆள் இல்லாமலே எதையோ பற்றியிருக்கும் கால்கள்.
சில்வண்டு கழற்றிப்போட்டது.
தோலுக்குத் தோல்தான் மருந்து என்றாள்.
பாம்பு கழற்றினாலும் பூச்சி கழற்றினாலும்
என் பாஷையில் அதற்குச் சட்டை என்று பெயர்.
சொல்ல நினைத்தேன். இந்தி போதவில்லை.

இரும்பு கூடாது, மண்சட்டி.
மூன்று கிண்ணம் ஒன்றாகச் சுண்டும்வரை
மாடி முழுக்க நாற்றம்.
"செருப்பை வேகவைக்கிறியா?"
ஜெபராணி கதவைத் தட்டினாள்.
கசப்பு என்று சொன்னால் பாகற்காய் கோபித்துக்கொள்ளும்.
மூக்கைப் பிடித்துக் குடித்தேன், ஐந்து வாரம்.
விரல்கள் வழிக்கு வந்தன.
முழங்கை வரவில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைச்
சிவப்பு மையால் சுழித்தாள்.
"ஈரல் முனகுது. நிறுத்து."
"கை சரியாகிறதே!"
"கையை வாங்கிக்கொண்டு ஈரலை விற்க
நான் கடை போடவில்லை."
எல்லா வேரின் பெயரையும் இங்கிலீஷில் எழுதி
சயான் டாக்டருக்குக் கொடுத்தனுப்பினாள்.
அவர் திட்டுவார் என்று நின்றேன்.
இரண்டுமுறை படித்துவிட்டு
என் ஃபைலுக்குள் செருகினார்.
இப்போது வேறு மாத்திரை.

ஈரல் அடங்கிவிட்டது.
விரல்களில் பாதி திரும்பவும் கட்சி மாறிவிட்டது.
சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டிருக்கிறேன்,
வெயில் தாங்காமல்தான்,
வேறு காரணம் இருந்தால் எனக்குத் தெரியாது.

நேற்று பாவ்ச்சா தக்காவில்
ஒரு கோலிப் பெண் ஏறினாள்.
காலிக் கூடை, ஈரக் கை.
பத்து ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து
அழுத்தினாள், பறந்துவிடும் என்பதுபோல.
நோட்டோடு ஒட்டி வந்தது ஒரு செதில்.
மீனுடையதா, என்னுடையதா?
மீதி நான்கு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.
பின்னாலிருந்து யாரோ
டிக்கெட், டிக்கெட் என்று கத்தினார்கள்.