முப்பத்தெட்டாவது துளி

பித்தேஷ்தி, பிப்ரவரி, இரவு மணி இரண்டு.
சோதனை அறையின் கண்ணாடிக்கு அப்பால்
காரில்லாத எஞ்சின் ஒன்று
எங்கும் போகாமல்
நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

நூறு துளி பெட்ரோல் ஊற்றினால்
முப்பத்தேழுதான் தண்டைச் சுழற்றும்.
மற்றவை புகைக்குழாயில், ரேடியேட்டரில்,
வளையங்கள் சுவரோடு உரசும் சூட்டில்
பெயர் சொல்லாமல் போய்விடும்.
பதினோரு மாதமாக எனக்கு
அடுத்த ஒரு துளியோடுதான் வழக்கு.

எதிர்க் கட்டடத்தில் வெளிச்சம் அதிகம்.
ஆரஞ்சு நிறக் கேபிள்கள், புது நாற்காலிகள்,
நுரை பொங்கும் காப்பி இயந்திரம்.
பிரேக் போடுகையில் சிந்துவதைப்
பிடித்துப் பெட்டியில் வைத்து
மேட்டில் திருப்பித் தரும் ஹைபிரிட் கார்.
நல்ல கார்தான், ஓட்டியிருக்கிறேன்.
சிவப்பு விளக்கில் அது மூச்சடக்கி நிற்கும் அமைதி
எனக்கும் பிடித்தது.
விலையைக் கேட்டபோது
நானும் அப்படித்தான் நின்றேன்.

காற்று பதினாலு புள்ளி ஏழு பங்கு, பெட்ரோல் ஒன்று:
பாடப்புத்தகம் போட்ட பந்தி.
காற்றை இருபதாக்கினோம், இருபத்தைந்தாக்கினோம்.
தீ பாதி எரிந்து
மீதியை மறந்துவிட்டது.
அழுத்தத்தைக் கூட்டினால்
கூப்பிடும் முன்பே வெடித்தது.
அந்தத் தட்டலைப் பொம்பிலியு 'கடன்காரன்' என்பான்.
கதவைத் தட்டுவான், நேரம் பார்க்க மாட்டான்.

நவம்பரில் ஒருநாள் தட்டியவன்
உள்ளேயே வந்துவிட்டான்.
நான்காம் பிஸ்டனின் தலையில்
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
என் மேஜைமேல் இப்போது அது
பென்சில் செருகும் கிண்ணம்.
ஸ்தன்குலெஸ்கு அதை ஒரு நிமிடம் பார்த்தார்.
"மார்ச் வரைக்கும்" என்றார்.
ஆரஞ்சுக் கேபிள்களின் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு பெரிய யோசனைகளை விட்டோம்.
எண்ணெயைத் தண்ணீராய் மெலியவைத்தோம்.
காற்று வால்வைத் தாமதமாய் மூடச் சொன்னோம்,
விருந்தாளி செருப்பைத் தேடும் நேரம், அவ்வளவுதான்.
வெளியேறிய புகையில் ஒரு கைப்பிடியைக் குளிரவைத்து
மறுபடி உள்ளே அழைத்தோம்.
வேலையில்லாத நேரத்தில் பம்பைச்
சும்மா இருக்கச் சொன்னோம்.
கால் துளி. அரைக்கால் துளி.
சிலது மறுநாளே பொய்யாகும்.
இதைப் போய் யாரிடம் பெருமையடிப்பது?

என் நாத்தனார் வியோரிக்கா
கம்புலுங் மலையூர்களின் நர்ஸ்.
ஊசி, கட்டு, கிழவர்களின் ரத்த அழுத்தம் என்று
நாளுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
ஞாயிற்றுக்கிழமை சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"உன் ஒரு துளி எனக்கு எவ்வளவு?"
காகிதத் துணியில் கணக்குப் போட்டேன்.
மாதம் நாலு லிட்டர்.
அவள் சிரிக்கவில்லை.
"சரி, சீக்கிரம் செய்.
நீ இன்று செய்வதை நான் வாங்க
பத்து வருஷம் ஆகும்,
மூன்றாவது ஆள் ஓட்டிய பிறகு."

மணி இரண்டு நாற்பது.
திரையில் முப்பத்தேழு புள்ளி எட்டு.
ஒன்பது.
முப்பத்தெட்டு.
பொம்பிலியு கோட்டைப் போர்த்தித் தூங்குகிறான்,
எழுப்பக் கையை நீட்டி
நிறுத்திக்கொள்கிறேன்.
கதவிடுக்கில் குளிர் நுழைகிறது,
எண் கண் சிமிட்டுகிறது,
திரும்ப ஒன்பது.

ஓட்டையிலிருந்து பென்சிலை உருவி
ஒன்பது என்றே எழுதுகிறேன்.
எதிரே யாரோ விளக்கை அணைத்துவிட்டு
வீட்டுக்குப் போகிறார்கள், சத்தமே இல்லாத காரில்.
கண்ணாடிக்குப் பின்னால் என் எஞ்சின்
இன்னும் கம்புலுங் போய்ச் சேரவில்லை.