இருவரும் ஒருவரா

ஃபஹாஹீலில், கடல் தெரியாத பக்கம் என் ஜன்னல்.
அக்டோபர் பிறந்தும் வெயில் இறங்கவில்லை.
ஏசி சொட்டும் வாளியை
மணிக்கொரு முறை நான்தான் கொட்டிவிட்டு வரவேண்டும்.
மற்றபடி என் வேலை பெயர்களோடு.

கிளினிக்குகளில் கிடந்த தாய் சேய்க் கோப்புகள்
இந்த வருஷம் முதல்
பெரிய ஆஸ்பத்திரிக் கணினிக்குள் வந்து விழுகின்றன.
தூசி இல்லாமல் வருகின்றன.
சரியாக வருகின்றன என்று சொல்லமாட்டேன்.

அரபியில் 'ப' கிடையாது.
பொற்கொடி என்று கிளம்பிய பெண்
அரபிக்குள் நுழைந்து ஆங்கிலத்தில் வெளியே வரும்போது
புர்கூதி.
ஒரு கோப்பில் அவள் பின்னால் அப்பா சின்னக்கண்ணு,
இன்னொன்றில் கணவர் தனசேகரன்.
ஐந்தாம் தேதி ஏழாம் மாதம் பிறந்தவள்
ஏழாம் தேதி ஐந்தாம் மாதமும் பிறந்திருக்கிறாள்.
விசிட் விசாவில் வந்தபோது பாஸ்போர்ட் எண்.
இப்போது சிவில் ஐடி.

அறுபத்திரண்டு சதவீதம் பொருத்தம் என்கிறது திரை.
இருவரும் ஒருவரா?
ஆம். இல்லை.

பத்துக்கு ஆறு பொருந்தினால்
எங்கள் பக்கம் கல்யாணத்தையே முடித்துவிடுவார்கள்.
இங்கே அவசரப்பட்டு அழுத்தினால்
ஒருத்தியின் ரத்தம் இன்னொருத்திக்கு ஏறும்.
அதனால் படித்தேன்.

புதியது: இருபத்தாறாவது வாரம்.
முதல் கர்ப்பம் என்று அவளே சொன்னதாக
நர்ஸ் எழுதியிருக்கிறார்.

பழையது, மூன்று வருஷத்துக்கு முன்:
முப்பதாவது வாரம், பிரஷர் நூற்று எழுபது,
கண் மங்கல், வலி வரவழைத்துப் பிரசவம்.
அதன் கீழே வால் போல ஒரு சின்னக் கோப்பு.
பேபி ஆஃப் புர்கூதி. பெண்.
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.
திறந்தது விடிகாலை 4.10.
மூடியது 5.50.

சந்தேகம் வந்தால் ஆளிடமே கேள் என்பது விதி.
போன் செய்தேன்.
பின்னால் குக்கர் விசிலடித்தது, அவள் அணைக்கவில்லை.
சின்னக்கண்ணு மகள் பொற்கொடிதானே, என்றேன்.
கிளினிக் பெயரைச் சொன்னேன். வருஷத்தைச் சொன்னேன்.
இரண்டாவது விசில்.

"முதல்னுதான் சொன்னேன் சார்.
இல்லன்னு சொன்னா அவங்க முகம் மாறும்.
ஒவ்வொரு தடவையும் அந்த முகத்துக்கு
நான்தான் ஆறுதல் சொல்லவேண்டியிருக்கு."

பிரஷர் விஷயம் டாக்டருக்குத் தெரிஞ்சாகணும், என்றேன்.
காகிதத்தில் எழுதி வைத்த வாக்கியம் அது,
வாசித்தது போலவே கேட்டிருக்கும்.

"டாக்டருக்கு மட்டும்தானே?"

ஆம் என்று சொல்ல வாய் வந்தது.
பட்டியலைப் பார்த்தேன்.
பிரசவ வார்டு, ஸ்கேன், லேப், மருந்தகம், நான்.
பதினோரு பேர் திறக்கலாம்மா, என்றேன்.
ஆனா இனி யாரும் கேக்கமாட்டாங்க.
திரையிலயே இருக்கும்.
நீங்க சொல்லவேண்டியதில்ல.

மூன்றாவது விசில்.
அடுப்பை அணைக்கும் சத்தம்.
அந்தப் பக்கம் வீடு முழுக்க அமைதியானது,
என் பக்கம் வாளியில் சொட்டு.

"சேருங்க."

ஆம் என்று அழுத்தினேன்.
புர்கூதி பொற்கொடிக்குள் போனாள்.
தேதிகளில் ஒன்று நின்றது.
முதல் என்ற சொல் அழிந்து
இரண்டு என்றானது,
சிவப்பில் ஒரு கோடு, பிரஷர் கவனிக்க.
சின்னக் கோப்பை மட்டும் கணினி தனியே நீட்டியது:
மூன்று வருஷமாக யாரும் வரவில்லை, நீக்கவா?
வேண்டாம் என்று கொடுத்து
அம்மாவின் கோப்போடு கட்டினேன்.
இதற்கு விதி இருக்கிறதா தெரியாது.

போனை வைக்கப் போனேன்.
"சார், அவளுக்கும் நம்பர் இருக்கா?"
இருக்கும்மா.
"சொல்லுங்க. இருங்க, பேனா எடுக்கறேன்."

ஏழு, பூஜ்யம், நாலு, நாலு, ஒண்ணு, எட்டு.

ஏழு, என்று அவள் எழுதும் சத்தம்.
பூஜ்யம்.
"நாலு ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"
ரெண்டு தடவை, என்றேன்.