தொடர்ச்சிக் குறிப்பேடு

என் வேலை சின்னது.
போன ஷாட்டில் குவளை எந்தக் கையிலோ
அடுத்ததிலும் அந்தக் கைதான்.
வியர்வை காய்ந்திருந்தால் காய்ந்தே இருக்க வேண்டும்.
முற்பிதாக்கள் கைக்கடிகாரம் கட்டியதில்லை,
ஆனால் ஜெனிவால்டோவின் கையில்
கடிகாரம் கிடந்த இடம் வெளுத்திருக்கும்.
தினம் காலை ஆறரைக்கு அதை மண்ணிறம் பூசி மறைத்தால்
அவர் ஆபிரகாம்.

ரியோவின் மேற்கே, சதுப்பைத் தூர்த்துக் கட்டிய அரங்கில்
மோரியா மலை கண்ணாடியிழை.
விறகைக் கீழே வைத்தால் டொக்கென்று
வெறும் டப்பா ஒலி.
மேலே ஹெலிகாப்டர் போனால்
கடவுள் மறுபடி முதலிலிருந்து பேசுவார்.

கடா மட்டும் நிஜம்,
செரோபெடிக்காவிலிருந்து நாள் வாடகைக்கு.
நைலான் நூலால் கொம்பைப் புதரில் கட்டினோம்.
மூன்றாம் டேக்குக்குள் புதரைத் தின்றுவிட்டது.
எழுதினேன்: முன்பு அடர்த்தி, இப்போது நாலு குச்சி.
வேறு புதர் வந்தது, வேறு இலை.
யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் டெல்மா.

பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதனால்தான் அதுவும் கண்ணில் பட்டது:
மலைக்கு இருவர் ஏறுகிறார்கள்,
சேர்ந்தே போனதாக வேதம் இரண்டு தடவை சொல்கிறது.
இறங்கும்போது தகப்பன் பெயர் மட்டும்.
பையன் எங்கே?

பாஸ்டர் ஒசியாஸ்தான் எங்கள் ஆலோசகர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கூடத்தானே வந்திருப்பான், நெய்டே.
அதில் சொல்ல என்ன இருக்கிறது?"
வசனம் எழுதும் ரெஜியானிக்கு அது போதாது,
நாற்பத்தைந்து நிமிடம் நிரம்ப வேண்டும்.
வழியில் பையன் கேட்பான்: அப்பா, அழுதீங்களா?
அப்பா அணைத்துக்கொள்வார்.
வயலின்.

எவெர்ட்டனுக்கு ஒன்பது வயது.
ஜெனிவால்டோ தளர்வாகத்தான் கட்டினார்.
"இறுக்குங்க, இல்லேன்னா பொய்யாத் தெரியும்" என்றவன் அவன்தான்.
இறுக்கினார்.
அவிழ்த்தபோது கயிற்றின் முறுக்கு
தோலில் அப்படியே சிவந்து கிடந்தது.
படம் எடுத்துக்கொண்டேன்.
இடது: மூன்று வரி. வலது: இரண்டு, ஒன்று லேசாக.

இறங்கும் காட்சியில் அவன் வாயே திறக்கவில்லை.
மறந்துவிட்டான் என்று நினைத்தோம்.
ஏழு டேக்.
கிழவர் கையை நீட்டுவார்,
பையன் நாலடி பின்னால் வருவான்.
மதியம், பீன்ஸ் குழம்பின் மேல்
மரவள்ளி மாவைக் கொட்டிக்கொண்டே சொன்னான்:
"அந்தாள்கிட்ட எனக்குப் பேசணும்னு தோணலை."
அடுத்த மேசையில் ஜெனிவால்டோ,
சாப்பாட்டுக்காகத் தாடியைக் கழற்றி
மடியில் வைத்திருந்தவர்,
திரும்பிப் பார்க்கவில்லை.

டெல்மா அவர்களின் முதுகை எடுத்தாள்.
கேள்வியைப் பிறகு ஒலிப்பதிவில் சேர்த்தார்கள்,
வேறொரு பையன் குரலில்.

பதினோரு எபிசோடு தாண்டி ஈசாக்குக்கு வயதானது.
வேறு நடிகர்; பிறகு இன்னொருவர்,
நரைத்தவர், பார்வை போனவர்.
ஒவ்வொருவர் தாளிலும் எழுதினேன்:
மணிக்கட்டு. இடது மூன்று வரி.
"இத்தனை வருஷமா ஒரு கயித்துத் தடம் இருக்கும்?"
ஒப்பனைக்கார இவோனெச்சி கேட்டாள்.
கேட்டபடியே பூசினாள்.
கேமராவில் தெரியாத அளவுக்கு.

நேற்று ஆசீர்வாதக் காட்சி.
ஆட்டுத்தோல் சுற்றிய இளையவன் கையைத் தடவி
மூத்தவன் என்று கிழவர் நம்ப வேண்டும்.
உரோமத்தைத் தொட்டதும் அவர் விரல் நின்றது.
ஸ்கிரிப்டில் இல்லை அது.
மெல்ல மணிக்கட்டு வரை இறங்கி,
தோலைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து,
அதன் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.
அவிழ்த்துவிடுவாரோ என்று எழுந்தேவிட்டேன்.
டெல்மா கட் சொல்லவில்லை.

பதினேழு நொடி கூடுதல்.
குறித்துவைத்திருக்கிறேன்.
வெட்டிவிடுவார்கள்.