சிவப்புத் தொப்பி

திருவிழா வாரத்தில் வாடகை மும்மடங்கு என்று
ஃபியோரென்சா முதல் நாளே சொல்லிவிட்டாள்.
மறைக்க அவளிடம் எதுவுமில்லை,
கல்லாப்பெட்டிகூடத் திறந்தே கிடக்கிறது.

இவ்ரேயாவில் ஆரஞ்சுச் சண்டைக்கு இன்னும் ஒன்பது நாள்.
சதுக்கத்தில் கடைக் கண்ணாடிகளுக்கு வலை கட்டுகிறார்கள்.
எனக்கு நாளைக் காலை ரயில்.

திருவிழா இல்லாத வாரமாகப் பார்த்துத்தான்
எப்போதும் புறப்படுவேன்.
ஆளில்லாத அருங்காட்சியகம்,
மூலை மேஜை, ஒற்றைத் தட்டு.
என்னைப் படமெடுக்கச் சொல்லி
யாரிடமும் கைப்பேசியை நீட்டியதில்லை.

"சிவப்புத் தொப்பி போட்டுக்கொள்,
உன்மேல் யாரும் எறிய மாட்டார்கள்" என்கிறாள்.
ஏழு யூரோ,
அசலூர்க்காரி என்று தலையில் எழுதி ஒட்டிக்கொள்ள.

எல்லாம் முடிந்த பிறகு வந்தால்?

"பாதி வாடகை. தெரு வழுக்கும், பார்த்து நட.
செருப்படியில் ஈஸ்டர்வரை மணக்கும்.
ஆனால் ஊரே தொண்டை கட்டிக் கிடக்கும்,
பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காது."

போன வருஷம் பட்ட அடியைப்
புருவத்துக்கு மேலே தொட்டுக் காட்டுகிறாள்.
எறிந்தவன் அவளுடைய பல் வைத்தியனாம்.
அடுத்த வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுக்
காசே வாங்கவில்லையாம்.
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

லுப்லியானாவில் என் பல் வைத்தியர்
திரையைப் பார்த்துத்தான் என் பெயரைச் சொல்வார்.

ரயில் சீட்டைச்
சர்க்கரைக் கிண்ணத்தடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.
அவள் பார்த்தாள், எடுத்துக் கொடுக்கவில்லை.

தொப்பியை வாங்கியாயிற்று.
பைக்குள்தான் இருக்கிறது.
தலையில் வைப்பதா என்பதை
அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.