ஏழாவது விலா

கோதுமை அறுத்து நான்கு மாதம்.
ஆர்சி மேட்டில் மிச்சம் வைக்கோல்தான்,
வெயிலில் வெளுத்துக் கம்பிபோல் விறைத்தது.
டாலச்சா, என் சாம்பல் நிறத்தான்,
நாளெல்லாம் அதையே தின்கிறான்.
தின்றும் விலா ஏழு எண்ணலாம்.

காலையில் அவன் சாணத்தைக்
குச்சியால் கிளறிப் பார்ப்பேன்.
விரல் நீள வைக்கோல், முறியாமல்,
உள்ளே போனபடியே வெளியே.
குமா சிரிப்பார்:
"ஊர்ப் பெண்கள் காப்பிக் கசடில் குறி பார்க்கிறார்கள்,
நீ இதில்."

கால்நடை அலுவலகத்துப் பெண் சொன்னாள்:
பசி, மாட்டின் வயிற்றுக்குள் குடியிருப்பவர்களுக்கு.
கண்ணுக்குத் தெரியாத கோடி வேலையாட்கள்,
எதிரே வைக்கோல் மலை,
கூலி வராமல் கைகட்டி நிற்கிறார்கள்.

கூலி: ஆலையின் கழிவுப்பாகு, தவிடு, உப்பு,
இறுகப் பிடிக்கக் கொஞ்சம் சிமெண்ட்,
தராசில் நிறுத்த யூரியா,
ஒரு சிட்டிகையும் கூடாமல்.
யூரியா கரைத்த வாளியில் வாய்வைத்த
பக்கத்து வீட்டுப் பசு
பொழுது சாய்வதற்குள் விழுந்ததைக் குமா மறக்கவில்லை.
கட்டி காய்ந்த பத்து நாளும்
என்னோடு பேசவில்லை.

நக்கினான் டாலச்சா.
கத்தி தீட்டுவதுபோல் நாக்கின் சத்தம்
இரவிலும் கேட்டது.
குமா இரண்டு முறை எழுந்துபோய்
மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவந்தார்.

மூன்றாம் வாரம்
வைக்கோல் நகத்தளவு.
இன்று குச்சியைக் கேட்டு வாங்கியவர் குமா.
குனிந்து வெகுநேரம் கிளறினார்.
ஒன்றும் சொல்லாமல்
போரிலிருந்து இன்னொரு கட்டு உருவினார்.

விலாவை இன்றும் எண்ணினேன்: ஏழு.
ஏழாவதை மட்டும்
தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.