நாள் கடந்த விதை

பொட்டலத்தில் போட்ட தேதி போய் மூன்று வருஷம்.
பாதி செத்திருக்கும் என்று
மிளகாய் ஒன்று, குடைமிளகாய் ஒன்று,
இரண்டு பொட்டலத்தையும் முழுசாகக் கொட்டினேன்
முட்டை அட்டைகளில், தயிர்க் கோப்பைகளில்,
ஆகஸ்ட் கடைசியில், கரண்ட் இல்லாத ஓர் இரவில்,
வேறு வேலை ஓடாமல்.

ஒன்றும் சாகவில்லை.
நூற்றுப் பதினாறு.
எண்ணியதுதான் தப்பு.
எண்ணாதிருந்தால் வெறும் பச்சையாக இருந்திருக்கும்.

நோஞ்சானைக் கிள்ளி எறி என்று
பொட்டலத்தின் முதுகில் எழுதியிருக்கிறது.
கத்தரிக்கோலோடு இரண்டு முறை குனிந்தேன்.
இரண்டு முறையும்
என் நகத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

என் கொல்லை பன்னிரண்டு தாங்கும்.

பக்கத்து வீட்டு டெனி கவெண்டர்
போன வருஷம்தான் முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டார்.
சுவரில் எக்கி, "நாலு தரட்டுமா?" என்றேன்.
"காரை எங்கே நிறுத்துவது?" என்றார்,
நாலு மாட்டை நீட்டியதுபோல.
ஜோஹன்னஸ்பர்க்கில் மகனுக்குப் பதினோராவது மாடி.
"அனுப்பிவிடாதே அம்மா."

அப்புறம் மழை. சாட்ஸ்வொர்த் மலைச்சரிவு முழுக்க
இரண்டு நாள் விடாமல்.
ஐஸ்கிரீம் குச்சிகளில் நான் எழுதிய பெயர்கள்
நீலமாய் ஒழுகி மண்ணோடு போயின.
காற்று தட்டுகளை இடம் மாற்றியிருந்தது.
மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும்
சின்ன வயசில் ஒரே முகம்.

கிளினிக்குப் போகும் டாக்ஸியில்
ஒரு தட்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது.
காசு வாங்கும் லுங்கா
அதற்கும் டிக்கெட் என்றான்.
"காசுக்குப் பதில் இரண்டு நாற்று எடுத்துக்கோ."
முன்கண்ணாடியில் டிரைவர் நாலு விரல் காட்டினான்.
நாலில் பேரம் முடிந்தது.
வழியெல்லாம் அவை முன்னால் நின்று
தலையாட்டிக்கொண்டே வந்தன,
ரோடு அவற்றுக்கும் தெரியும் போல.

கிளினிக் வாசலில் காவலுக்கு மகோபா.
கூன் போட்டு வெளுத்திருந்த ஆறாகப் பார்த்து எடுத்தார்.
"நல்லதாக எடுங்கள் பாபா."
"நல்லதுக்கு வேறு ஆள் வரும்" என்று
பழைய பெயின்ட் வாளி தேடப் போனார்.

மிச்சத்தைப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை
பெருமாள் கோயிலுக்குத் தூக்கிப்போனேன்.
புளியோதரை வரிசை முடியும் இடத்தில்
மேசை ஓரம் கொஞ்சம் காலியாக இருந்தது.
யாரும் ரகம் கேட்கவில்லை.
எத்தனை நாளில் காய்க்கும் என்று கேட்கவில்லை.
இரண்டு கையும் ஏந்தி வாங்கி
கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.
ஒருவர் தயிர்க் கோப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அரைமணி நேரத்தில் மேசையில் மண் மட்டும்.

ஜனவரியில் போன் வந்தது.
சரோஜனி பெருமாள்.
"உருளைக்கிழங்கு அடைத்துச் சமைக்கலாம் என்று
பெரிசாகும் பெரிசாகும் எனக் காத்திருந்தேன்.
விரல் பருமனில் நின்றுவிட்டது.
சரி, பிஞ்சு என்று கடித்த மாமியார்
நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறாள்."
திட்டி முடித்த மறுநாள்
ஒரு மார்கரின் டப்பா நிறைய ஊறுகாய் அனுப்பினாள்.

காரத்துக்குக் குரங்கு வராது என்பார்கள்.
என் பன்னிரண்டுக்கும் வந்தது, குடும்பத்தோடு.
ஓட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்து
குடைமிளகாயை ஆப்பிள் போலக் கடித்தன.
எனக்கு எது வாய்த்தது என்று அப்போதுதான் தெரிந்தது.
இப்போது மிளகாயும் மார்க்கெட்டில்தான் வாங்குகிறேன்,
எடை போடுமுன் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து.

மகோபாவை பைன்டவுனுக்கு மாற்றிவிட்டார்களாம்.
புதுக் காவலாளிக்கு வாளி பற்றி ஒன்றும் தெரியாது.
கேட்டுப் பக்கத்தில் சிமெண்டில்
வட்டமாய் ஒரு வெளுத்த தடம்.
எறிந்த வாளியா, கூடப் போன வாளியா,
தடம் சொல்லவில்லை.
மாத்திரைச் சீட்டோடு
கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.
பின்னால் வரிசை நகர்ந்தது.